முச்சந்தியில் ஒரு பூசணிக்காய்

ஒக்டோபர் 30, திங்கள். காலை மூடுபனி. பின்னேரம் மழை.

இதனால் சகல தோட்ட மக்களுக்கும் அறியத்தருவது யாதெனில், இன்று காலை எட்டரை மணியளவில் எங்கள் தோட்டத்தில் இலையுதிர் காலம் உத்தியோகபூர்வமாக ஆரம்பித்து வைக்கப்பட்டது. ஆரம்பித்து வைத்தவர் முன்பள்ளி ஆசிரியை ரேணுகா அவர்கள், அதாவது என் அக்கா. மங்கல விளக்கு ஏற்றப்படவில்லை. தீப்பெட்டி ஈரம்.

விஷயம் இவ்வளவுதான். கொழும்பில் இருக்கும் ஒரு மேடம் அக்காவின் பள்ளிக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி. உள்ளே கலர் பென்சில், பசை, கடதாசி, ஒரு புத்தகம். புத்தகத்தில் ‘இலையுதிர் காலச் செயற்பாடுகள்’ மொத்தம் பன்னிரண்டு. ஐந்தையாவது செய்து படமெடுத்து வெள்ளிக்கிழமைக்குள் வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும் மூடியில் ஓர் அட்டை நெளிந்தது. அட்டைப்பெட்டி வாங்கினால் அட்டை இலவசம் என்றேன். அக்கா சிரிக்கவில்லை. உப்பைக் கொண்டுவந்து போட்டாள்.

நான் அங்கே ஏன்: ஓ.எல். பரீட்சை எழுதியாயிற்று. ரிசல்ட் வரும்வரை வீட்டில் சும்மா. அக்காவுக்கு உதவி என்று பெயர். உண்மை என்னவென்றால் அந்தப் பதினான்கு பிள்ளைகள் மட்டும்தான் என் பகிடிக்கு நம்பிக்கையாகச் சிரிப்பார்கள்.

முதல் செயற்பாடு: உதிர்ந்த இலைகளைச் சேகரித்து நிறவாரியாகப் பிரித்தல். ஜன்னலுக்கு வெளியே எல்லோரும் பார்த்தோம். தேயிலை. அதற்கு அப்பால் தேயிலை. நடுவில் நாலு சவுக்கு மரம், அதுவும் பச்சை. இலை உண்டு, உதிர்வது இல்லை.

மதுமிதா கேட்டாள், எங்கே டீச்சர் உதிருது என்று. இவள் செல்வி அக்காவின் மகள், நான்கு வயது, மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கிறாள். வாயைத் திறந்தால் மூடமாட்டாள். அக்கா சொன்னாள், அந்த நாட்டில் குளிர் வரும்போது இலையெல்லாம் சிவந்து கீழே விழுந்துவிடும், மரம் மொட்டையாக நிற்கும்.

மது கொஞ்சம் யோசித்தாள்.

“அப்ப அவங்க அம்மாவுக்கெல்லாம் வேல இல்லையா?”

பின்னாலிருந்த பையன் பெரிய மனிதன் மாதிரி, அரைப்பேர் போடுவாங்க என்றான். அரை நாள் வேலைக்கான கணக்கு அரைப்பேர். நான்கு வயதில் தெரிந்து வைத்திருக்கிறான். அக்கா பதில் தேடினாள். புத்தகத்தைப் புரட்டினாள். புத்தகத்திலும் இல்லை.

சரி, என்ன கிடைக்கிறதோ கொண்டுவாருங்கள் என்று வெளியே விட்டாள். பத்தே நிமிடம். பதினான்கு பேரும் கை நிறையக் கொழுந்தோடு வந்து நின்றார்கள். இரண்டு இலை, ஒரு மொட்டு. முத்தல் ஒன்றுகூட இல்லை. கங்காணி பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார். அக்கா பார்த்தாள், முகம் வெளிறிவிட்டது. தோட்டத்துக் கொழுந்து, பறித்தால் களவு. அத்தனையையும் ஒரு துணியில் கட்டி, பகல் கொழுந்து நிறுக்கும்போது அம்மாவின் சாக்கில் சேர்த்தோம். அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம்.

குறும்புக் கணக்கு (இதுவரை): 41. பிடிபட்டது: 0. இந்தத் தோட்டத்தில் பயம் என்றால் என்னவென்று தெரியாத ஆள் ஒருவன்தான். பெயர் எழுதத் தேவையில்லை, கொப்பியின் அட்டையில் இருக்கிறது.


ஒக்டோபர் 31, செவ்வாய். வெயில். அதிசயம்.

செய்யவேண்டியவை: சைக்கிள் டியூப். அம்மாவின் போனுக்கு ரீலோட். பூசணிக்காய்.

பூசணிக்காய் ஏனென்றால் ஏழாம் செயற்பாடு. காயைக் குடைந்து கண் மூக்கு வெட்டி வாசலில் வைக்க வேண்டுமாம். பசறைச் சந்தையிலிருந்து அக்கா மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தாள். கண்டக்டர் சிங்களத்தில் கேட்டாராம், நங்கி (தங்கச்சி), பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாமா என்று. நான் சொல்லியிருக்க வேண்டிய பகிடி. பொறாமை.

கத்தி வேண்டாம், சின்னப் பிள்ளைகள் என்று அக்கா மார்க்கர் பேனா கொடுத்தாள். பதினான்கு பேரும் ஆளுக்கொரு கோடு. கடைசியில் காய் சிரித்தது. படமெடுத்தாள்.

அடுத்தது கிரீடம். நீளமான கடதாசிப் பட்டி, அதில் இலை ஒட்டித் தலையில் வைப்பது. சிவப்பு இலைக்கு டிஸ்பென்சரி வாசலில் நிற்கும் செடியை மொட்டையடித்தோம். ஒரு கிரீடத்துக்கு மூன்று பேர் அடித்துக்கொண்டதால் அக்கா ஒவ்வொரு பட்டியின் பின்பக்கமும் பெயர் எழுதினாள், குண்டு குண்டான எழுத்தில். பசை காய நூலில் வரிசையாகத் தொங்கவிட்டாள்.

மது இன்று பேசவில்லை. மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், கொதித்தது. நானே தூக்கிக்கொண்டு போய் மேல் லயத்தில் விட்டேன். என் கழுத்தில் அவள் மூச்சு சுட்டது.

சாயந்தரம் செல்வி அக்காவிடம் அக்கா சொன்னாள், நாளை முதல் பஸ்ஸில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, இப்போது டெங்கு காலம், காத்திருக்க வேண்டாம் என்று. செல்வி அக்கா சரி என்றார். அவர் கணவர் கொழும்பில் கடையில் வேலை, எல்லாம் இவர்தான் பார்க்க வேண்டும். நாளை வேலைக்குப் போகாமல் ஆறேகால் பஸ் என்று முடிவாயிற்று.

வேறு விஷயம். போன கிழமை பெரட்டில், அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில், ஊரே நிற்கும்போது கணக்கப்பிள்ளை என்னைத் தறுதலை என்றார். அம்மாவின் முகத்துக்கு நேரே. இதற்கு ஒரு பதில் இருக்கிறது. ஆரஞ்சு நிறத்தில், உருண்டையாக. நாளை.


நவம்பர் 1, புதன். காலை 7 மணி. பனி.

குறும்பு 42. மகத்தான வெற்றி. விவரம் வருமாறு.

ஐந்தரைக்குப் பள்ளி. ஆணியில் தொங்கிய சாவி. பிள்ளைகள் வரைந்த சிரிப்பைக் கரியால் அழித்தேன். கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பு. சுண்ணாம்பாலேயே பல், பதினாறு. மேலே மஞ்சளும் குங்குமமும் குழைத்து ஒழுகவிட்டேன். உச்சியில் தேசிக்காய் (எலுமிச்சை), அதில் மிளகாய். நூலிலிருந்து கைக்கு வந்த ஒரு கிரீடத்தை இழுத்துச் சூட்டினேன். பூசினேன், அணிந்தேன், ஆகவே பூசணி.

இடம்: முச்சந்தி. லயத்துப் பாதையும் கோயில் பாதையும் பெரிய ரோட்டுக்குப் போகிற பாதையும் சேருமிடம். கணக்கப்பிள்ளை தினமும் அங்கேதான் மோட்டார் சைக்கிளைத் திருப்புவார்.

ஆறு மணி. வந்தார். நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றினார். கும்பிட்டார். பிறகு சத்தம் வராமல் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்த வழியில் போனார், சப்பாத்து கையில். தேயிலைக்குள் உட்கார்ந்து சட்டைக் கொலரைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். கணக்கில் புலி, பூசணியில் எலி.

குறுக்குப் பாதையால் வீட்டுக்கு வந்தேன். தேநீர், ரொட்டி. வாழ்க்கை இனிது.

அதே நாள், பகல் இரண்டு மணி.

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து இப்படித்தான் இருக்கும்.

அம்மா சாப்பிட வந்தாள். பெரட்டு முக்கால் மணி நேரம் தாமதம், ஒருவரும் முச்சந்தியைத் தாண்டவில்லை, எல்லோரும் மலையைச் சுற்றிப் போனார்களாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பு தெரியக்கூடாது என்று. பிறகு அம்மா சொன்னாள்:

“செல்விதான் பாவம். புள்ளய தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்கு வந்துருக்கா. பாத்தா அதுல பேரு எழுதி வச்சிருக்கு. மதுமிதான்னு.”

ரொட்டியைக் கீழே வைத்தேன். பேரா, என்ன பேர் என்று கேட்டேன்.

“அதோட தலையில. அந்தப் புள்ளயோட பேரு. காச்சக்காரப் புள்ள பேர எழுதி முச்சந்தியில வைக்க மனசு வருமா ஒருத்திக்கு.”

ஓடினேன். இருபதடி தள்ளி நின்று பார்த்தேன். கிரீடத்தை உட்பக்கம் வெளியே வருகிறமாதிரி மாட்டியிருக்கிறேன். மங்கிய வெளிச்சம், அவசரம். குங்குமம் ஒழுகி ‘ம’வில் நின்றிருந்தது. அக்காவின் குண்டு எழுத்து. மதுமிதா.

பதினான்கு கிரீடம் தொங்கியது. அதில் இது.

செல்வி அக்கா அங்கேயே கத்தி விழுந்துவிட்டாராம். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே திரும்பிவிட்டார். பஸ் போய்விட்டது. ஆஸ்பத்திரி இல்லை. செய்வினை வைத்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரி மருந்து ஏறாது என்று பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள். பூசாரிக்கு ஆள் போயிருக்கிறது.

நான் செய்தது (1.30): பூசணியைத் தூக்கினேன். தேயிலைக்குள் பத்து வரிசை தாண்டி ஒளித்தேன். காணாமல் போனால் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். என் மூளைக்கு என்ன பெயர் வைப்பது தெரியவில்லை.

அதே நாள், பின்னேரம்.

மறக்கவில்லை. மூன்று மணிக்கு யாரோ பார்த்திருக்கிறார்கள், இடம் காலி. யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், தொட யாருக்கும் தைரியம் இல்லை. ஆகவே தானாகப் போயிருக்கிறது. லயம் முழுக்க அதே பேச்சு. பீலியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் கேட்டேன், அது நடந்து செல்வி வீட்டுப் பக்கம் போனதை ஒருவர் பார்த்தாராம். உருண்டதா நடந்ததா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு.

செல்வி அக்கா கதவைச் சாத்திவிட்டார். ஜன்னலுக்கும் துணி.

அக்கா பள்ளியிலிருந்து வந்து என் முன்னால் நின்றாள். பூசணியும் இல்லை, ஒரு கிரீடமும் இல்லை. நீயா என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நானா, எனக்குப் பூசணிக்காய்க் கறியே பிடிக்காது என்றேன். என் கையைப் பார்த்தாள். பையில் விட்டுக்கொண்டேன்.


நவம்பர் 2, வியாழன். தூறல்.

வைத்த இடத்திலேயே திருப்பி வைத்தால் நடந்தது என்கிற பேச்சாவது நிற்கும். இப்படி நினைத்துக் காலையில் வைத்தேன். மேலே எழுதிய மூளைதான்.

எட்டு மணிக்குச் சேதி வந்துவிட்டது. திரும்பி வந்திருக்கிறது. நேற்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது, இன்று மேல் லயத்தைப் பார்க்கிறது. அவசரத்தில் எந்தப் பக்கம் முகம் என்று நான் கவனிக்கவில்லை.

முன்பள்ளிக்கு வந்தவர்கள்: இரண்டு பேர். அவர்களையும் பத்து மணிக்குத் தாய்மார் வந்து இழுத்துப் போனார்கள்.

அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு மேல் லயத்துக்குப் போனாள். செல்வி அக்கா கதவைப் பாதி திறந்தார். உள்ளே மது பாயில். கண் திறந்துதான் இருந்தது, எங்களைப் பார்க்கவில்லை. உதடு வெடித்து வெள்ளை. காலையிலிருந்து நாலு தரம் வாந்தி, தண்ணீர் இறங்கவில்லை. என்னைக் கண்டால் நாக்கை நீட்டுகிற பிள்ளை.

அக்கா போனில் செவ்வாய்க்கிழமை எடுத்த படத்தைக் காட்டினாள். பிள்ளைகள் செய்தது, விளையாட்டுக்கு, இவ்வளவுதான், பாருங்கள் என்று.

செல்வி அக்கா நெடுநேரம் பார்த்தார்.

“இதுல சிரிக்குது டீச்சர். அங்க பல்லக் காட்டுது.”

காய்ச்சல் செவ்வாய்க்கிழமையே இருந்தது, பூசணி வந்தது புதன்கிழமைதானே என்று அக்கா கேட்டாள். நல்ல கேள்வி. பின்னால் நின்ற ஒரு பெண்ணிடம் அதற்கும் பதில் இருந்தது. செய்கிறவர்கள் முதலில் காய்ச்சலை அனுப்புவார்கள், பிறகுதான் பொருளை வைப்பார்கள். செல்வி அக்கா மெதுவாகத்தான் சொன்னார்:

“எழுத்து ஒங்களோடதுதானே டீச்சர்?”

ஆமாங்க என்றாள் அக்கா. வேறு என்ன சொல்வாள்.

நான் அப்போது சொல்லியிருக்கலாம். என் வாய்க்கும் செல்வி அக்காவின் காதுக்கும் இரண்டடி தூரம். சொல்லவில்லை.

டிஸ்பென்சரி ஐயா வந்து பார்த்தார். இது டெங்கு மாதிரித்தான் தெரிகிறது, இப்போதே பதுளைக்குக் கொண்டுபோக வேண்டும், இங்கே வைத்திருந்தால் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றார். செல்வி அக்கா எழுந்து சேலையைக்கூட மாற்றினார். அதற்குள் பூசாரி வந்துவிட்டார். நல்ல மனிதர், மோசமானவர் இல்லை, அவருக்கும் பயம். வியர்த்திருந்தது. விபூதி போட்டு நூல் கட்டினார். பிறகு சொன்னார், ஆஸ்பத்திரிக்குத் தாராளமாகப் போகலாம், ஆனால்:

“வச்ச கைதான் எடுக்கணும். எடுத்து ஒடைக்கணும். அதுவரைக்கும் புள்ள முச்சந்திய தாண்டக் கூடாது.”

பெரிய ரோட்டுக்கு இருக்கிற ஒரே பாதை அந்த முச்சந்தி. மலையைச் சுற்றிப் போகிற வழியில் கொழுந்துக் கூடையோடு ஆள் போகலாம், வாந்தி எடுக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அதுவும் இந்த மழையில், முடியாது. த்ரீவீல் வரவே வராது. செல்வி அக்காவின் கணவர் போனில் அழுகிறார், லீவு கிடைத்து வர நாளைப் பகலாகுமாம். ஊரே வாசலில். தாண்டு என்று சொல்ல ஒருவர் இல்லை. தாண்டிப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் சொன்னவர்தான் பொறுப்பு.

பகிடி ஏதாவது எழுதலாம் என்று அரை மணி நேரமாகப் பேனாவைப் பிடித்திருக்கிறேன். வரவில்லை.

ஒரு பூசணிக்காய். முகம் வரைந்தேன். அவ்வளவுதானே செய்தேன்.


நவம்பர் 3, வெள்ளி. மழை விட்டது.

குறித்துக்கொள்ளவும். இன்றைய நாள் வரலாறு.

காலை ஆறரை. பெரட்டுக்கு வந்த அத்தனை பேரும் முச்சந்திக்கு இந்தப் பக்கம். கணக்கப்பிள்ளை, பூசாரி, அம்மா, எல்லோரும். செல்வி அக்கா பிள்ளையைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். மது முனகவும் இல்லை. த்ரீவீல் அந்தப் பக்கம், எஞ்சின் ஓடிக்கொண்டு. நடுவில் அது, தலையில் கிரீடம், மழையில் குங்குமம் கரைந்து கல் சிவந்துபோய்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் முன்னே வந்தான். (நான்.) உரத்த குரலில் சொன்னான்:

“வச்சது நான்தான்.”

ஊர் திடுக்கிட்டது. கணக்கப்பிள்ளையின் வாய் திறந்தபடி. நான் நேராக நடந்தேன். குனிந்தேன், இரண்டு கையாலும் எடுத்தேன், தலைக்கு மேலே தூக்கி ரோட்டோரக் கல்லில் அடித்தேன். மூன்று துண்டு. விதை என் காலில் தெறித்தது. செல்வி அக்கா பிள்ளையோடு தாண்டினார். த்ரீவீல் பறந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து பத்து மணிக்குப் போன். டெங்குதான். பிளேட்லெட் மிகவும் குறைவு. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்று டாக்டர் தொடங்கினாராம், முடிக்கவில்லையாம். சேலைன் ஏறுகிறது.

ஆகவே பிள்ளையைக் காப்பாற்றியது யார் என்று எதிர்காலத்தில் யாராவது கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டலாம். தைரியம்: நூற்றுக்கு நூறு.


நவம்பர் 4, சனி.

மழை. பாண், பருப்பு. சைக்கிள் டியூப் இன்னும் மாற்றவில்லை.

அம்மா அக்காவோடு பேசவில்லை. என்னோடு நன்றாகப் பேசினாள். இரவுச் சோற்றில் பெரிய மீன் துண்டு எனக்கு. சாப்பிட முடியவில்லை.

கொழும்பு மேடம் வட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார், இலையுதிர் காலம் எப்படிப் போகிறது, படங்கள் எங்கே என்று. அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். பள்ளிக்குப் போய் மீதிப் பதின்மூன்று கிரீடத்தையும் நூலிலிருந்து கழற்றி அடுக்கினாள். திங்கள் யாராவது வருவார்களா என்று கேட்டேன். ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த ஜன்னலையே திரும்பவும் துடைத்தாள்.


நவம்பர் 5, ஞாயிறு. பதுளையில் வெயில்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா கஞ்சி கொடுத்தனுப்பினாள். தான் வரவில்லை.

மது உட்கார்ந்திருந்தாள். கையில் ஊசி, கட்டு. முகம் சுருங்கிப் பாதியாகிவிட்டது, ஆனால் என்னைக் கண்டதும் நாக்கை நீட்டினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. புகை என்று சொன்னேன். ஆஸ்பத்திரிக்குள் என்ன புகை.

நேற்றிரவிலிருந்து ஆபத்து இல்லையாம், பிளேட்லெட் ஏறுகிறதாம். இதைச் சொல்லிக்கொண்டே செல்வி அக்கா கஞ்சிப் போத்தலைத் திறந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

“ஒங்க அக்கா அத தூக்குனப்ப நான் கையத்தான் பாத்தேன் தம்பி. நடுங்கவே இல்ல. வச்ச கையின்னா அப்பிடி இருக்காது.”

ஆம். அக்காவின் கை.

வெள்ளிக்கிழமை எழுதியதை இனி வைத்திருக்க முடியாது. இந்தக் கொப்பியை யாரும் படிப்பதில்லை. ஒளித்து வைக்கிற இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படியிருந்தும் எனக்கு நானே பொய் எழுதியிருக்கிறேன். அதைவிடக் கேவலம் இருக்கிறதா தெரியவில்லை.

நடந்தது: நான் முன்னே வரவில்லை. பீலிச் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்தேன். எழுந்திருக்கவில்லை. ‘வச்சது நான்தான்’ என்றது அக்கா. உரத்த குரலும் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். பிள்ளைகளுக்குக் காட்டச் செய்தேன், புத்தியில்லாமல் இங்கே வைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். எடுத்தாள், உடைத்தாள். விதை தெறித்தது அவள் காலில். யாரோ துப்பினார்கள். நீயெல்லாம் புள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுக்கிறியா என்று ஒருத்தி கேட்டாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு பெரட்டுக்குப் போனாள். இதெல்லாம் சுவரின் ஓட்டை வழியாகப் பார்த்தேன்.

அக்கா வீட்டுக்கு வந்து கை கழுவினாள். என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. என் நகத்தில் குங்குமம் புதன்கிழமையிலிருந்தே இருந்திருக்கிறது, நான் இன்றுதான் கவனித்தேன்.

செல்வி அக்காவிடம் கேட்டேன், அக்கா வைக்கவில்லை என்று தெரிந்துமா தாண்டினீங்க.

“பின்ன? எனக்கும் புள்ளய கொண்டுபோகணும். ஊரு விடணும்ல. யாராவது ஒருத்தர் வந்து எடுத்தாப் போதும்னு நின்னேன்.” கஞ்சியை ஆற்றினார். “வேற யாரும் வரல.”

அப்போது மதுவின் கை தட்டிக் கரண்டி விழுந்தது. கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. நான் குனிந்தேன், முட்டி போட்டேன், உள்ளே போனேன். டெட்டோல் வாசம். யாருடைய முகமும் தெரியவில்லை, செல்வி அக்காவின் இரண்டு பாதம் மட்டும்.

அங்கிருந்து சொன்னேன். பயம் தெரியாத ஆள், கட்டிலுக்கு அடியிலிருந்து, பாதத்தைப் பார்த்து. வச்சது நான் என்று. பேர் எழுதியிருந்தது தெரியாது என்று. கணக்கப்பிள்ளைக்கு வைத்தது என்று. அக்காவுக்கு எதுவும் தெரியாது என்று. குரல் எனக்கே கேட்கவில்லை.

பாதம் அசையவில்லை. மேலே மது ஏதோ கேட்டாள். செல்வி அக்கா அவளுக்கு முதலில் பதில் சொன்னார், பிறகு எனக்கு.

“மேல வந்து சொல்லு தம்பி.”

கரண்டி இன்னும் கிடைக்கவில்லை என்றேன். கையில்தான் இருந்தது.